பாட்டின் மொழிமாற்றமும் பாடுவோரின் மொழிமாற்றமும்
‘சிங்கெல்லே நோனா’ என்னும் காதற்பாட்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1

போர்த்துக்கேயர் இலங்கையில் விட்டுச் சென்றவை யாவை என்னும் வினாவுக்கு நமது வரலாற்று நூல்கள் தரும் விடை பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே அமைந்துவிடுகின்றது. கத்தோலிக்க சமயம், கோட்டைகளின் இடிபாடுகள், பெரேரா, பெர்னாண்டோ, சில்வா முதலிய குடும்பப் பெயர்கள், அலுமாரி, சப்பாத்து, மேசை, வாங்கு, பாண் முதலாய சொற்கள் என்று அப்பட்டியல் நீளும். அதன் கடைசியில் பைலாவும் சேர்க்கப்படும். பண்பாட்டுக் கூறுகள் யாவும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும் பண்டங்கள் போன்றவை என்ற எண்ணத்தையே இத்தகைய பட்டியல் தோற்றுவிக்கின்றது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எத்தகைய சமூக உறவின் வழியே அக்கைமாற்றம் நிகழ்ந்தது என்ற வினாக்கள் அங்கு எழுவதில்லை.

ஒரு காதற்பாட்டின் வரலாற்றைக் கொண்டு அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மட்டக்களப்பில் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியரிடையே ‘சிங்கெல்லே நோனா’ என்றும், மலேசியாவின் மலாக்கா நகரில் வாழும் போர்த்துக்கேய வழித்தோன்றல்களிடையே ‘ஜிங்கிலி நோனா’ என்றும் வழங்கும் பாட்டு அது. இந்தியாவின் மேற்குக் கரையில் போர்த்துக்கேயர் தங்கிய ஊர்களிலும் அதன் உறவுப் பாட்டுகள் உள்ளன. இந்து சமுத்திரத்தின் இரு கரைகளிலும் வேறுபட்ட கிளைமொழிகளில் நூற்றாண்டுகளாகப் பாடப்பட்டு வரும் காதற்பாட்டுகளுள் இதற்கு ஒப்பானவை மிகச் சிலவே எனலாம்.

எனினும் பாட்டு வாழும் இடங்களை மாத்திரம் நோக்கினால் அதன் வரலாறு முழுமையாகப் புலப்படாது. மாத்தளை மாவட்டத்திலே கலேவெலவிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் தொலைவில் வஹகோட்டை என்னும் கிராமம் உள்ளது. புனித அந்தோனியார் திருத்தலத்தாற் பெயர்பெற்ற இவ்வூரின் மக்கள் பதினேழாம் நூற்றாண்டிலே கண்டி அரசனால் குடியேற்றப்பட்ட போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் என்று கூறப்படுகின்றனர். அவர்கள் கத்தோலிக்கர், பேசுவது சிங்களம். மட்டக்களப்பிலும் மலாக்காவிலும் அப்பாட்டைத் தாங்கி நிற்கும் கிரியோல் மொழி இங்கும் வழங்கிற்று, இன்று வழங்கவில்லை. மலாக்காவில் பாட்டும் மொழியும் நிலைக்க, வஹகோட்டையில் சமயம் நிலைத்து மொழி மறைந்தது ஏன்? பாட்டு மொழி மாறுவதும் பாடுவோர் மொழி மாறுவதும் வெவ்வேறான வரலாற்று நிகழ்வுகள் என்பதை இவ்வினா நமக்கு உணர்த்துகின்றது.

2

முதலில் பாட்டின் அமைப்பை நோக்குவோம். ‘நோனா’ என விளிக்கப்படும் பெண்ணை மணம் முடிக்க விரும்பும் ஆடவன் ஒருவனின் வேண்டுகோளே இதன் உள்ளீடு. தலைப்பில் வரும் முதற் சொல் சிங்களப் பெண்ணைக் குறிப்பது என்பது கென்னத் டேவிட் ஜாக்சன் என்னும் ஆய்வாளரின் கருத்தாகும். இலங்கையின் கிரியோல் மொழிப் பாடல்களைத் தொகுத்தும் ஒப்பிட்டும் 1990இல் பெருநூலொன்றை வெளியிட்ட அவர், இப்பாட்டின் பயணத்தைத் தனிக் கட்டுரையொன்றிலும் ஆராய்ந்துள்ளார். அவரது கருத்தை ஏற்பின், மலாக்காவில் வாழும் ஓர் இனக்குழு தன் அடையாளப் பாட்டாகக் கொண்டுள்ள பாடலின் நாயகி இலங்கைப் பெண்ணொருத்தி என்றாகின்றது. பாடுவோர் அதனை அறிந்திருக்க வேண்டிய தேவை இல்லை. பெயர்ச்சொல்லின் பொருள் மங்கிய பின்னரும் பாட்டு வாழ்கின்றது.

இதற்குக் காரணம் அதன் அமைப்பிலே உள்ளது. முதல், நடு, முடிவு என வரையறுக்கப்பட்ட பாடமொன்று இப்பாட்டுக்கு இல்லை. மாறாத பல்லவி ஒன்று உண்டு. அதனைச் சுற்றி வேண்டியவாறு சேர்க்கவும் நீக்கவும் கூடிய நான்கடிச் செய்யுள்கள் உண்டு. ஆணும் பெண்ணும் மாறி மாறி நான்கடிகளைத் தொடுப்பர். மலாக்காவில் இவ்வாறு எதிரெதிர் நின்று பாடும் போட்டியை ‘மாத்தா காந்திகா’ என்பர். ‘பாட்டைக் கொல்லுதல்’ என்பது அத்தொடரின் நேர்ப்பொருள். எதிராளி விடையளிக்க இயலாது வாயடைத்து நிற்கும்போது பாட்டுக் ‘கொல்லப்படுகின்றது’.

போர்த்துக்கலின் நாட்டார் மரபில் நான்கடிப் பாட்டுண்டு. மலாய் மக்களின் ‘பந்துன்’ நான்கடிகளால் ஆனது. அதுவும் காதலர் இருவரின் சொல்லாடலுக்குப் பயன்படுவது. நமது மட்டக்களப்புப் பிரதேசத்தின் ‘கவி’ மரபும் ஆணும் பெண்ணும் கேட்டும் விடையிறுத்தும் பாடும் குறுஞ்செய்யுள்களைக் கொண்டதென்பதை நாட்டார் வழக்காற்றியல் பயில்வோர் அறிவர். வெவ்வேறு மொழிகளைச் சேர்ந்த இம்மரபுகள் அருகருகே வாழ்ந்த துறைமுகங்களிலே, பல்லவியை வைத்துக்கொண்டு நான்கடிகளை மாற்றுவது எளிதாயிற்று. மொழிபெயர்ப்பாளன் எவனும் தேவைப்படவில்லை. கலியாண வீட்டில் ஆடியும் பாடியும் நின்றவர்களே அப்பணியைச் செய்தனர்.

3

அவ்வாறு கலியாண வீட்டிற் கூடியவர்கள் யார்? இவ்வினாவே நம்மைச் சமூக வரலாற்றுக்கு இட்டுச் செல்வது.

1510இல் கோவாவைக் கைப்பற்றிய அபொன்சோ டி அல்புகேர்க் தன் படைவீரர் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவித்தான். அடுத்த ஆண்டு மலாக்கா வீழ்ந்தபின் அங்கும் இக்கொள்கை தொடர்ந்தது. மணம் புரிந்து அங்கேயே தங்கியவன் ‘கசாதோ’ எனப்பட்டான். மணமானவன் என்ற பொருளுடைய இச்சொல் நிருவாகப் பதிவேடுகளிலே ஒரு சமூகப் பிரிவின் பெயராயிற்று. கடல் கடந்து படையனுப்பும் ஆற்றல் குறைந்த சிறிய அரசொன்று, வென்ற கோட்டையைக் காக்கும் ஆள்வலுவைக் குடும்பத்தின் மூலம் உற்பத்தி செய்ய முற்பட்டதே இக்கொள்கையின் பொருளியல் உண்மையாகும். மணம் முடிக்க விரும்புவதாகப் பாடும் ஆடவனின் குரலுக்குப் பின்னால் இவ்வரலாறு நிற்கின்றது. அப்பெண்களுட் பலர் அடிமைகளாகவும் போரிற் சிறைப்பட்டவர்களாகவும் இருந்தனர் என்பதை மறந்து இப்பாட்டின் இனிமையை மாத்திரம் வியப்பது வரலாற்றுணர்வு ஆகாது.

அதேவேளை, பாட்டினை ஆதிக்கத்தின் எதிரொலி என்று ஒதுக்கிவிடுவதும் கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். போட்டிப் பாட்டிலே பெண் விடையளிக்கின்றாள், ஏளனம் செய்கின்றாள், வல்லவளாயின் ஆணின் பாட்டைக் ‘கொல்லவும்’ செய்கின்றாள். வாழ்க்கையில் மறுக்கும் உரிமை அற்றிருந்தவளுக்குப் பாட்டின் அரங்கு அவ்வுரிமையைச் சில நாழிகைக்கேனும் வழங்கிற்று. நாட்டார் காதற்பாட்டு உள்ள உறவையும் வேண்டப்படும் உறவையும் ஒருங்கே தாங்கி நிற்பது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

‘நோனா’ என்னும் சொல்லின் வரலாறும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. மலாய் மொழியில் அது மணமாகாத இளம்பெண்ணைக் குறிக்கும் மரியாதைச் சொல். சிங்களத்தில் சீமாட்டியையும் வீட்டு எசமானியையும் குறிக்கும். இலங்கைத் தமிழ்ப் பேச்சிலும் ஐரோப்பிய நடையுடை பாவனையுள்ள பெண்ணை ‘நோனா’ என்ற வழக்குண்டு. கலப்புக் குடியிருப்பின் காதலியைக் குறித்த சொல், குடியேற்ற நாட்டின் வர்க்க அமைப்பு இறுகியபோது வேலைக்காரர் வாயில் எசமானியின் பெயராயிற்று. ஒரே சொல் ஓரிடத்தில் காதலியையும் மற்றோரிடத்தில் சம்பளம் கொடுப்பவளையும் சுட்டுவது தற்செயலானதன்று.

4

1641இல் மலாக்காவும் 1656இல் கொழும்பும் ஒல்லாந்தர் வசமாயின. ஆட்சி போயிற்று, மொழி போகவில்லை. ஒல்லாந்தர் இல்லங்களிலே பிள்ளைகளை வளர்த்த அடிமைப் பெண்களின் மொழி போர்த்துக்கேயக் கிரியோலாக இருந்தமையால், ஆள்வோரின் குழந்தைகளும் அதனையே முதலிற் பேசினர். கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தருடன் நடத்திய கடிதப் போக்குவரத்தும் போர்த்துக்கேய மொழியிலேயே நிகழ்ந்தது. பட்டாவியாவுக்கு அண்மையில் தூகு என்னும் ஊரில் குடியேற்றப்பட்ட விடுதலை பெற்ற அடிமைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் பாடும் குரொஞ்சோங் இசையில் ‘கபிரிஞ்ஞோ’ என்ற பாட்டு உண்டு. இலங்கையின் ‘கபிரிஞ்ஞா’ ஆடலிசையின் பெயரும் அதுவே. ஆபிரிக்கரைக் குறித்த ‘காப்பிரி’ என்னும் சொல்லே இரண்டுக்கும் வேர். அரசுகள் ஒன்றையொன்று அழித்த கடற்பரப்பிலே அடிமைகளும் போர்வீரரும் கைவினைஞரும் ஓர் இசையைப் பொதுவாகக் கொண்டிருந்தனர்.

மலாக்காவில் அம்மக்கள் மீன்பிடித்து வாழ்ந்தனர். 1930களில் உஜோங் பாசிர் என்னும் கடலோரப் பகுதியிலே அவர்களுக்கெனக் குடியிருப்பொன்று அமைக்கப்பட்டது. ஓரிடத்தில் செறிந்து வாழ்ந்ததும் ஒரே தொழிலிற் பலர் ஈடுபட்டதும் மொழி நிலைக்கத் துணைபுரிந்தன. பின்னர் வேறொரு காரணியும் சேர்ந்தது. மார்கரெட் சார்கிசியன் 2000இல் வெளியிட்ட நூலிலே, அக்குடியிருப்பினர் பாரம்பரியமாகக் காட்டும் போர்த்துக்கேய ஆடல்களுட் பல 1950களில் புதிதாகக் கற்கப்பட்டவை என்பதை நிறுவியுள்ளார். ‘ஜிங்கிலி நோனா’வோ ஊரின் பழைய ‘பிராஞ்ஞோ’ ஆடலுக்குரியது. ஆயினும் சுற்றுலாப் பயணிகள் முன் இரண்டும் ஒரே மேடையில் ஒரே மரபாக ஆடப்படுகின்றன.

இதனைப் போலித்தனம் என்று கூறி நிறுத்திவிட இயலாது. மலேசியாவில் மண்ணின் மைந்தர் என்ற தகுதி பொருளாதாரச் சலுகைகளுக்கு வாயிலாக உள்ளது. 1984இல் போர்த்துக்கேய வழியினர் மண்ணின் மைந்தருக்கான தேசிய முதலீட்டுத் திட்டத்திற் பங்குபற்ற அனுமதி பெற்றனர். இத்தகைய சூழலில் பழைய காதற்பாட்டொன்று ஓர் இனக்குழுவின் உரித்துப் பத்திரமாகவும் பயன்படத் தொடங்குகின்றது. போட்டிப் பாட்டின் நெகிழ்ச்சி குறைந்து, எல்லோரும் அறிந்த சில அடிகள் மாத்திரம் நிலைபெறுவது இதன் விளைவு.

5

மட்டக்களப்பின் நிலைமை இதனினும் வேறானது. அங்குள்ள பறங்கியர் தச்சு, கொல்லு, தையல் முதலாய கைத்தொழில்களிற் பெரும்பாலும் ஈடுபட்டு வந்தனர். ஒல்லாந்த வழிப் பறங்கியர் ஆங்கிலம் கற்று அரச உத்தியோகங்களை அடைந்தபோது, இக்கைவினைஞரை இழிவாக நோக்கினர். இனத்தால் ஒருவராயினும் வர்க்கத்தால் இருவராய் இருந்த இவ்வேறுபாடே கிரியோல் மொழியைக் காத்தது என்று துணியலாம். மேலேற வழியுள்ளவர் மொழியைக் கைவிட்டனர்; வழியற்றவர் தமக்குள் மணம் செய்து, தமக்குள் தொழில் பழகி, மொழியையும் கலியாணப் பாட்டுகளையும் பேணினர். வயலினும் மண்டலினும் றபானும் ஒலிக்க ஆடப்படும் கபிரிஞ்ஞா இன்றும் அவர்தம் திருமணங்களில் இடம்பெறுகின்றது.

தமிழ் மாணவர்க்கு இங்குக் கருத்தூன்றத்தக்க செய்தி ஒன்றுண்டு. இயன் ஸ்மித் என்னும் மொழியியலாளர் 1970களில் மட்டக்களப்பில் செய்த ஆய்வின் பயனாக, அங்குள்ள கிரியோலின் தொடரமைப்புப் பெருமளவு தமிழைப் பின்பற்றுவதை விளக்கினார். வினைச்சொல் வாக்கியத்தின் இறுதிக்கு வந்துவிட்டது. பெயருக்கு முன்னின்ற இடைச்சொற்கள் வேற்றுமை உருபுகள் போலப் பின்னே சென்றன. சொற்கள் போர்த்துக்கேயம், அவற்றைக் கோத்த நூல் தமிழ். கிழக்கிலங்கை நாட்டார் இலக்கியத்தைப் பற்றி எழுதுவோர் இம்மக்களின் பாட்டுகளைத் தம் எல்லைக்கு அப்பாற்பட்டவையாகக் கருதி வந்துள்ளமை வருந்தத்தக்கது. மட்டக்களப்புக் கவியும் பறங்கியரின் நான்கடிகளும் ஒரே வாவிக்கரையில் வளர்ந்தவை. அவற்றை ஒப்பிட்டு ஆராய வேண்டிய பொறுப்பு முதற்கண் தமிழ் ஆய்வாளருக்கே உரியது.

19ஆம் நூற்றாண்டிலே ஹியூ நெவில் என்னும் பிரித்தானிய அதிகாரி திரட்டிய கிரியோல் பாடல்களின் கையெழுத்துப் பிரதி இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. 1894இல் சி. எம். பெர்னாண்டோ இலங்கையின் இசை பற்றி எழுதிய கட்டுரையில் கபிரிஞ்ஞா, சிக்கோத்தி ஆகிய வகைகளை விவரித்தார். 1900இல் கோவாவைச் சேர்ந்த குருவும் மொழியியலாளருமான தல்காதோ இலங்கைக் கிரியோலுக்கு நூலொன்று வகுத்தார். பாடல்கள் ஏட்டில் ஏறின. ஆயினும் பாடியவர்களின் வாழ்வு பாதுகாப்புப் பெறவில்லை. 1956க்குப் பின் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தனர். போர் மிகுந்த ஆண்டுகள் தொடர்ந்தன. 2004 திசெம்பர் ஆழிப்பேரலை டச்பார் கரையோரத்தில் வாழ்ந்த பறங்கியர் குடும்பங்கள் பலவற்றைக் காவுகொண்டது. சிறுபான்மை மொழியொன்றின் பாடகர் குழாம் எத்துணைக் குறுகிய நேரத்தில் மெலிந்துவிடக்கூடும் என்பதற்கு அது கொடிய சான்று.

6

இப்போது வஹகோட்டைக்கு வருவோம். கொழும்பு வீழ்ந்தபின் கண்டி அரசனிடம் அடைக்கலம் புகுந்தோரும் போர்களிற் சிறைப்பட்டோரும் உள்நாட்டுக் கிராமங்களிற் குடியமர்த்தப்பட்டனர். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த ரொபேர்ட் நொக்ஸ், அங்கு வாழ்ந்த போர்த்துக்கேயரைப் பற்றித் தன் நூலிற் குறிப்பிட்டுள்ளான். அரசன் அவர்களை அழிக்கவில்லை. தன் சேவைக்குப் பயன்படுத்தினான். நிலத்துக்கு ஈடாகச் சேவை என்பதே கண்டியின் நிலமானிய அமைப்பாதலின், அந்நியனும் ஒரு சேவைக் குடியாக அதில் இடம்பெறக் கூடியதாயிருந்தது.

1687இல் இலங்கை வந்த யோசேவ் வாஸ் அடிகள் ஒல்லாந்தரின் தடைகளுக்கிடையே மறைந்து திரிந்து, 1692இல் கண்டியை அடைந்தார். கண்டி இராச்சியத்தில் சிதறிக்கிடந்த கத்தோலிக்கக் குடியிருப்புகளை மீள ஒழுங்குபடுத்தும் பணியில் அவர் ஈடுபட்டார். வஹகோட்டையும் அவற்றுள் ஒன்று. 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் சமய நூல்களை இயற்றினார். தமிழில் ‘வியாகுல பிரசங்கம்’ அவரது ஆக்கம் என்பதை நாமறிவோம். கோவாவிலிருந்து வந்த இக்குருமார், சமயம் உள்ளூர் மொழியில் வேரூன்றினாலன்றி நிலைக்காது என்பதைத் தெளிவாக உணர்ந்திருந்தனர். ஆகவே பாடுகளின் பாட்டும் ஒப்பாரியும் செபமும் மொழிமாற்றம் பெற்றன. அவற்றை எழுதக் குருவும், பேண ஏடும், ஆண்டுதோறும் பாடத் தவக்காலமும் இருந்தன. காதற்பாட்டுக்கோ அவ்வாறான நிறுவனம் எதுவுமில்லை. அதனைப் பேண வேண்டியது கலியாண வீடு மாத்திரமே.

மேன்மக்களின் வழி வேறாக இருந்தது. நரேந்திரசிங்கன் (1707–1739) அரசவையிலே உயர்பதவி வகித்த பேத்ரோ கஸ்கோன் என்னும் ஐரோப்பிய வழித்தோன்றல், அரசியோடு சிங்களத்திலே காதற் கவி பரிமாறிக் கொண்டமையால் கொலைத்தண்டனை பெற்றான் என்பது சிங்கள மரபு. அக்கதையின் வரலாற்றுண்மை எவ்வாறாயினும் அது உணர்த்தும் சமூகவுண்மை தெளிவானது. அரசவையை அடைந்தவன் அரசவையின் மொழியிலே காதலித்தான். நான்கடிப் போட்டியில் எளிய பெண் ஆணைத் தோற்கடிக்கலாம். அரசவைக் கவியிலோ விடையிறுத்தவன் தலை உருண்டது.

வஹகோட்டையின் எளிய மக்களோ தம் கிரியோலை உடனே கைவிடவில்லை. இரு தலைமுறைகளுக்கு முன்வரை அது அங்கு வழங்கியதென ஷிஹான் டி சில்வா ஜயசூரிய போன்றோரின் ஆய்வுகள் கூறுகின்றன. அவ்வாறாயின் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிங்கள உழவர் நடுவே அச்சிறு மொழி உயிர்த்திருந்தது. இது நம் வழக்கமான எதிர்பார்ப்புக்கு முரணானது. நிலமானியச் சமுதாயம் கலப்பற்ற ஒருமையை வலியுறுத்துவது என்றும், நவீன சமுதாயம் பன்மைக்கு இடமளிப்பது என்றும் நாம் எண்ணிக்கொள்கின்றோம். இங்கு நிகழ்ந்தது அதன் மறுதலை. நிலமானிய அமைப்பிலே ஒவ்வொரு குடிக்கும் பிறப்பால் வகுக்கப்பட்ட இடமும் கடமையும் இருந்தன. அக்கடமை நிறைவேறும்வரை அக்குடி தன் வீட்டில் எம்மொழி பேசினாலும் அரசனுக்கு அதனால் இழப்பில்லை. அச்சமுதாயம் மனிதரைச் சமமாக நடத்தவில்லை. அதனாலேயே அவர்களை ஒரே வகையினராக்கவும் முயலவில்லை.

1832–33இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. நிலமும் உழைப்பும் விலைப்பொருள்களாயின; பெருந்தோட்டங்களும் வீதிகளும் மாத்தளைப் பிரதேசத்தின் தோற்றத்தை மாற்றின. பள்ளிக்கூடம், பத்திரிகை, உத்தியோகம், வாக்குரிமை என்பன கிராமத்தை எட்டியபோது, ஒரு மொழியைச் சேர்ந்தவனாய் இருப்பது பிழைப்புக்கும் உரிமைக்கும் முன்நிபந்தனையாயிற்று. 1945இன் இலவசக் கல்வியும் தாய்மொழிப் போதனையும் உழைக்கும் மக்கள் பெற்ற பெரும் பேறுகள். ஆயினும் பாடநூலும் பரீட்சையும் அற்ற கிரியோலைத் தாய்மொழியாகக் கொண்டோரை அவை கணக்கில் எடுக்கவில்லை. மட்டக்களப்பிற் பிறந்திருந்தால் தமிழ், மாத்தளையிற் பிறந்திருந்தால் சிங்களம் என்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட ‘தாய்மொழி’. மட்டக்களப்பில் கைவினைஞர் சமூகமாக ஒதுங்கி நின்றமை மொழிமாற்றத்தைத் தாமதப்படுத்திற்று. வஹகோட்டையிலோ அயலவருடன் உழவும் சந்தையும் பள்ளியும் பொதுவாயின, மொழியும் பொதுவாயிற்று. பிரிவினை மொழியைக் காத்தது, கலப்பு மனிதரை உயர்த்தியது என்னும் இம்முரண்பாட்டை எளிதாகத் தீர்த்துவிட இயலாது.

7

கிராமத்திலே பாடுவோர் மொழி மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில், கொழும்பிலே பாட்டு மொழி மாறிக்கொண்டிருந்தது. பொலிசுச் சேவையில் இருந்த வொலி பஸ்தியன் கபிரிஞ்ஞா மெட்டுகளிலே சிங்களச் சொற்களை இட்டு ‘வாத பைலா’ என்னும் போட்டிப் பாட்டைப் பரப்பினார். கொடுக்கப்பட்ட பொருளில் உடனுக்குடன் செய்யுள் கட்டி எதிராளியை வெல்லும் இம்முறை, மலாக்காவின் ‘பாட்டைக் கொல்லுத’லுக்கு நெருங்கிய உறவுடையது. மொழி மாறினும் அமைப்பு மாறவில்லை.

தேசியப் பண்பாட்டைத் தேடிய மத்தியதர வர்க்கம் இதனை விரும்பவில்லை. 1952இல் லக்னோவிலிருந்து அழைக்கப்பட்ட எஸ். என். ரத்தன்ஜன்கர் இலங்கை வானொலிக் கலைஞரைத் தேர்வு செய்தபோது வட இந்திய இராக இசை அளவுகோலாயிற்று. பைலா குடிகாரரின் பாட்டு, கலப்பினப் பாட்டு என இகழப்பட்டது. தூய்மை பேசும் தேசியம் கலப்பின் சான்றுகளை வெறுப்பது எங்கும் காணும் இயல்பே. தமிழிசைத் தூய்மை பேசும் நம்மவரும் இதற்கு விலக்கல்லர்.

இந்த இகழப்பட்ட இசையே தமிழுக்கும் வந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ முதலாகத் தொடங்கிய ஈழத்துப் பொப்பிசை பைலாவின் தாளத்தைத் தழுவிற்று. ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’ கடல் கடந்து சென்றது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழ்த் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் அதன் வடிவமொன்றைப் பாடினர். அதன் அமைப்பை நோக்குக. பெண்ணொருத்திக்கு மீன் கொணர்ந்ததைக் கூறும் சிங்களப் பல்லவி அப்படியே நிற்க, அதனைச் சுற்றிய அடிகள் தமிழாயின. மாறாத பல்லவி, மாறும் அடிகள் என்ற பழைய கிரியோல் முறைமையே இங்கும் செயற்படுகின்றது. சிங்களம் அறியாத தமிழகத்தார் அப்பல்லவியைப் பாடியமை, சிங்களப் பெண்ணின் பெயரென்று அறியாமலே மலாக்காவில் ‘ஜிங்கிலி’ பாடப்படுவதை ஒத்தது.

ஆயினும் ஒரு வேறுபாடு முதன்மையானது. இசைத்தட்டும் திரைப்படமும் ஒலிநாடாவும் பாட்டைப் பண்டமாக்கின. மாறும் அடிகள் ஒருமுறை பதிவானதும் மாறாதனவாயின. விடையளிக்கும் பெண் இருக்கலாம். ஆனால் அவள் பாடலாசிரியன் எழுதிக் கொடுத்ததையே பாடுகின்றாள். தன் மதியினால் ஆணை வாயடைக்கச் செய்யும் உரிமை அவளிடமிருந்து அகன்றது. மொழிகள் பலவற்றில் பாட்டு ஒலிக்கும் தொகை பெருகப் பெருக, அதனைப் புதிதாக ஆக்கும் மக்களின் தொகை சுருங்குகின்றது.

8

‘இசைக்கு மொழியில்லை’ என்னும் கூற்று மேடைகளில் அடிக்கடி கேட்பது. இனங்களிடையே நல்லுறவை விரும்புவோர் ‘சுராங்கனி’யை அதற்குச் சான்றாகக் காட்டுவதுமுண்டு. அந்த நல்லெண்ணத்தை மதிக்கலாம். வரலாறு அதனை ஆதரிக்கவில்லை. சிங்களப் பல்லவி தமிழ்த் திரையில் ஒலித்த அதே 1977ஆம் ஆண்டின் ஓகத்து மாதத்திலே இலங்கைத் தமிழருக்கெதிரான வன்செயல்கள் நாட்டின் பல பாகங்களில் வெடித்தன. மலையகத் தோட்டத் தொழிலாளரும் அவற்றிற்கு இரையாயினர். 1983 யூலையில் நிகழ்ந்தவற்றை இங்குக் கூற வேண்டியதில்லை. பாட்டைக் கடன்கொண்டவர்கள் மனிதரைக் காத்தார்கள் என்று எந்த ஏடும் கூறவில்லை. ஓர் இனத்தின் பாட்டை இன்னோர் இனம் விரும்பிப் பாடுவது, அவ்விரண்டிடையே சமத்துவம் உண்டென்பதற்குச் சான்றாகாது. அடிமைப் பெண்ணின் தாலாட்டில் வளர்ந்த ஒல்லாந்தக் குழந்தை பின்னர் அடிமைகளுக்கு எசமானாகவே வளர்ந்தது.

எனவே ஒரு பாட்டின் வேற்றுமொழி வடிவங்களை ஆராய்வோர், எத்தனை மொழிகளில் அது உள்ளது என்று எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. முன்னர் அதனைப் பாடியவர் இன்று எங்கே, எம்மொழியிற் பேசுகின்றனர், அம்மொழிக்கு மாறியது விருப்பினாலா பிழைப்பினாலா என்பனவும் ஆய்வுப் பொருள்களாக வேண்டும். மலாக்காவில் பாட்டு இனக்குழுவின் உரிமைக் குரலாயிற்று. மட்டக்களப்பில் அது தமிழ் இலக்கணத்தைத் தன்னுள் வாங்கியபடி கலியாண வீட்டில் ஒதுங்கிற்று. கொழும்பில் மொழி மாறிச் சந்தைக்கு வந்தது. வஹகோட்டையில் பாட்டின் மொழி போய்ப் பாடுவோர் எஞ்சினர். இந்நான்கும் ஒரே வரலாற்றின் நான்கு பகுதிகள்.

வஹகோட்டையின் மக்கள் தம் முன்னோரின் மொழியை இழந்தமைக்காக நாம் இரங்கல் பாடத் தேவையில்லை. அவர்கள் இந்நாட்டின் உழைக்கும் மக்களுள் ஒரு பகுதியினராயினர். ஆயினும் அவ்விழப்பு நமக்கொரு பாடத்தைக் கூறுகின்றது. ஒரு மொழிக்கு மாத்திரம் பள்ளியும் அலுவலகமும் திறந்திருக்கும் நாட்டிலே, ஏனைய மொழிகளுக்கு எஞ்சுவது பாட்டு மட்டுமே. பாட்டு மட்டும் ஒரு மொழியைக் காப்பதில்லை. பெரும்பான்மை மொழியின் மேலாண்மையை எதிர்த்துத் தம் மொழிக்கு உரிமை கேட்கும் தமிழர், தம் வாவிக்கரையிலே தம் இலக்கணத்தோடு வழங்கிய சிறுமொழியொன்றுக்கும் அவ்வுரிமை உண்டு என்பதை ஏற்கும்போதே அக்கோரிக்கை சனநாயகக் கோரிக்கை என்னும் பெயருக்குத் தகுதி பெறும்.